தனிமரமும் தோப்பும்

தமிழாசிரியன் ஒருவன் முப்பது ஆண்டுகளை வகுப்பறையிலே கழித்துவிட்டால், பழமொழிகள் அவன் நாவில் அழையாமலே வந்து நிற்கும். சோர்ந்த மாணவனைக் கண்டால் ஒரு பழமொழி. பூசலிடும் மாணவரைக் கண்டால் வேறொரு பழமொழி. கரும்பலகையின் மேல்மூலையில் நாளுக்கொன்றாக அவற்றை எழுதிவைப்பது என் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. அப்பெருமையை அண்மையில் ஒரு மாணவி அடக்கிவிட்டாள்.

வெள்ளவத்தையில் யான் நடத்தும் மாலை வகுப்புக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருபவள் அவள். தன் கையே தனக்குதவி என்று ஒருநாள் எழுதினேன். தனிமரம் தோப்பாகாது என்று மறுநாள் எழுதினேன். அவள் எழுந்து நின்று, ஐயா, இவ்விரண்டில் எதை நம்புவது என்று கேட்டாள். குறும்பாகக் கேட்டாளல்லள். வீட்டின் நிலை காரணமாகப் படிப்பை நிறுத்திக் கடையொன்றில் வேலைக்கு அமரும்படி வீட்டார் சொல்லியிருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். தன்னை நம்பித் தொடர்வதா, பிறர் துணையை எதிர்நோக்குவதா என்பதே அவள் உள்ளத்தில் இருந்த வினா. யானோ இடமறிந்து பொருள்கொள்ள வேண்டும் என்று இலக்கண ஆசிரியனுக்குரிய விடையொன்றைக் கூறி அவளை இருத்திவிட்டேன்.

அன்று மாலை இராமகிருஷ்ண வீதி வழியே கடற்கரையை நோக்கி நடந்தேன். இராமகிருஷ்ண மிஷனைக் கடக்கும்போது, அவ்வினாவுக்கு விடையாகவே வாழ்ந்த ஒருவரின் நினைவு எழுந்தது. அவர் சுவாமி விபுலானந்தர். அடிகளாரைப் பற்றி மேடைகளிலே பலமுறை பேசியிருக்கிறேன். ஆயினும் அந்த மாணவியின் வினாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாழ்வை எண்ணிப் பார்த்தது அன்றுதான்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலும் வயலும் அடுத்தமைந்த காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊரிலே தொடக்கக் கல்வி. பின் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலை. அதன்பின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி. பதினாறாவது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் வென்றார். ஆசிரியரானார். 1911 இல் கொழும்புக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்றார். மீண்டும் கொழும்புக்கு வந்து தொழில்நுட்பக் கல்லூரியிலே பயின்று, 1916 இல் விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் வெற்றி கண்டவர் அவரே. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே, தாமாகப் பயின்று, 1919 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

இத்துணையும் இருபத்தெட்டு வயதுக்குள். பகலிலே பிறர்க்குக் கற்பித்து, இரவிலே தாம் கற்று, ஏணியின் ஒவ்வொரு படியையும் தம் காலாலேயே ஏறினார். தன் கையே தனக்குதவி என்பதற்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டுமா?

ஆயினும் இங்கு ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. அவர் ஏறிய ஏணியை அவர் செய்யவில்லை. சைவக் குடியிற் பிறந்த அச்சிறுவனுக்கு ஆங்கிலத்தையும் விஞ்ஞானத்தையும் திறந்துவிட்டவை கிறிஸ்தவப் பாடசாலைகள். கடல் கடந்து வந்த பாதிரிமாரும் உள்ளூர் ஆசிரியரும் கூடி எழுப்பிய நிலையங்கள் அவை. தமிழ்ப் பண்டிதத் தேர்வை நடத்தியது வைகைக் கரையிலே அறிஞர் பலர் கூடி அமைத்த ஒரு சங்கம். தன் கையால் உயர்ந்தவன் என்று நாம் புகழும் ஒவ்வொருவனுடைய கையையும் பின்னாலே தாங்கிநின்ற கைகள் பல. புகழ்மாலை சூட்டும்போது அக்கைகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மயில்வாகனனாரின் கண்ணுக்குத் தெரிந்தன போலும். தாம் பெற்றதைத் திருப்பிக் கொடுப்பதற்கே அவருடைய எஞ்சிய வாழ்வு முழுதும் செலவாயிற்று.

அவர் கொழும்பிலே பயின்ற காலத்தில் இந்நகரில் ஒரு புதிய காற்று வீசிக்கொண்டிருந்தது. 1897 ஜனவரி 15 ஆம் நாள், மேலைநாடுகளில் வெற்றிமுழக்கம் செய்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்புத் துறையிலே வந்திறங்கினார். அவர் மூட்டிய ஆர்வத்தின் பயனாக 1902 இல் விவேகானந்த சபை தோன்றியது. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த மேடு என வழங்கும் இடத்தில் அச்சபை இன்றும் நிற்கிறது. துறவு என்பது காட்டுக்குப் போவதன்று, வறியவனிடம் போவது என்னும் கருத்து அக்காலத்து இளைஞர் பலரைப் பற்றிக்கொண்டது. மயில்வாகனனாரும் அவ்வாறு பற்றப்பட்டவர்களுள் ஒருவர்.

1922 இல் அதிபர் பதவியை விட்டார். சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசாரிப் பெயருடன் அங்கே பயின்று, மடத்தின் தமிழ், ஆங்கில இதழ்களுக்கு ஆசிரியப் பணியும் புரிந்தார். 1924 இல், பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் துறவுபெற்று விபுலானந்தரானார். ஊரார் பலருக்கு இது விளங்காத செயலாகவே இருந்திருக்கும். பதவியும் ஊதியமும் கைக்கு வந்த வேளையில் அவற்றை உதறிச் செல்பவனைப் பற்றி நம் ஊர்களில் என்ன பேசுவார்கள் என்பதை யான் சொல்ல வேண்டியதில்லை.

துறவியாகி இலங்கைக்குத் திரும்பியவர் கட்டியது கோயிலன்று, பாடசாலை. திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலும் மட்டக்களப்பிலும் மிஷனின் கல்விப்பணியைத் தம் தோளிலே சுமந்தார். கல்லடி உப்போடையிலே 1929 இல் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். வறிய பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் உண்டு உறங்கிப் படிப்பதற்கு மாணவர் இல்லமும் அங்கே அமைந்தது.

பாடசாலை என்பது ஒருவர் கனவால் மட்டும் எழுவதன்று. நிலம் வேண்டும், மரம் வேண்டும், ஓலை வேண்டும், நாள்தோறும் அடுப்பிலே உலை கொதிக்க வேண்டும். வசதி படைத்தவனிடம் பொருளையும், இல்லாதவனிடம் உழைப்பையும், படித்தவனிடம் நேரத்தையும் கேட்க வேண்டும். பிறருக்காகக் கை நீட்டுவது தனக்காகக் கை நீட்டுவதினும் அரிது. பாடசாலை நிதிக்காக வெள்ளவத்தையிலே நாலு வீட்டுப் படி ஏறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எந்தக் கை தனக்கு உதவியதோ அந்தக் கையையே அடிகளார் பிறருக்காக நீட்டினார். தனிமரமாய் வளர்ந்தவர் தோப்பு வைக்கத் தொடங்கினார்.

1931 இல் சிதம்பரத்தையடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலிலே பல்கலைக்கழக மண்டபம். மாலையிலே, அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரி. தாழ்த்தப்பட்டவர் என ஒதுக்கப்பட்ட மக்களின் குடிசைகளை நாடிச்சென்று, அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். கோயில் வாயிலையே அம்மக்கள் மிதிக்கலாகாது என்றிருந்த காலம் அது. காவியுடுத்த பேராசிரியர் ஒருவர் அவர்கள் வாயிலை மிதித்தார்.

இவ்விடத்தில்தான் என் கரும்பலகையின் குற்றம் எனக்குப் புலனாயிற்று. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்தப் பழமொழியிலுள்ள ஊர் என்பது யார் என்று ஒருநாளாவது கேட்டேனா? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்துவைத்தவர் நாம். ஊர் கூடித் தேர் இழுத்த நாளிலும் வடத்தைத் தொட விடாமல் சிலரை நிறுத்திவைத்தவர் நாம். இத்தீவிலும் அக்கறை படியாத ஊர் மிகச் சிலவே. பழமொழி பொய்யன்று, அதைக் குறுக்கி வழங்கியது நம் பிழை. சேரியையும் ஊருக்குள் சேர்த்தபோதுதான் அப்பழமொழி முழு உண்மையாகும். அடிகளார் அதைத் தம் கால்களாலே செய்துகாட்டினார்.

இன்னுமொரு பழமொழி உண்டு: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். விஞ்ஞானம், ஆங்கில இலக்கியம், தமிழ், வேதாந்தம், இதழியல், கல்வி எனப் பலவற்றிலே கைவைத்த அடிகளாரைக் கண்டவர் சிலரேனும் இதனை முணுமுணுத்திருக்கக்கூடும். சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணி எழுதினார். அது 1926 இல் வெளிவந்தது. 1930களிலே சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தார். இமயச் சாரலிலுள்ள மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழைச் சில காலம் நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் அமர்ந்தார்.

ஆனால் அத்தச்சர் ஒரு மரத்தை மறக்கவேயில்லை. பழந்தமிழர் மீட்டிய யாழ் உலகிலிருந்தே மறைந்துபோயிற்று. கருவி ஒன்றுகூட எஞ்சவில்லை. நூல்களிலே சில குறிப்புகள் மட்டும் எஞ்சின. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் பற்றுக்கோடாகக் கொண்டு, நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்து, பல்லாண்டு உழைத்து அவர் யாழ் நூலை இயற்றினார். பண்டிதன் மட்டுமாக இருந்திருந்தால் கணக்குப் பிடிபட்டிராது. விஞ்ஞானி மட்டுமாக இருந்திருந்தால் உரையின் சொற்கள் பிடிபட்டிரா. பல மரம் கண்டதனாலேயே அந்த ஒரு மரத்தை வெட்ட முடிந்தது. அழிந்தது அழிந்ததே என்று உலகம் கைவிட்ட ஒன்றை, எஞ்சிய சில குறிப்புகளை நம்பி மீட்டெடுக்க முயல்வதே உண்மையான நன்னம்பிக்கை. எல்லாம் நன்றாகவே முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அன்று.

1947 ஜூன் மாதம், தஞ்சைத் தரணியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. நலிந்த உடலோடு அடிகளார் கொழும்புக்குத் திரும்பினார். ஜூலை 19 ஆம் நாள் இந்நகரிலேயே உயிர் நீத்தார். மட்டக்களப்பிலே, தாம் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவிலே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. யானும் அந்த வயதை அடுத்து நிற்பவன். இவ்வளவில் அவர் செய்துமுடித்ததையும், யான் கரும்பலகையில் எழுதி அழித்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க மனம் கூசுகிறது.

1960 இலும் அதையடுத்தும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, மிஷன் நடத்திய பாடசாலைகளும் கைமாறின. நிறுவியவர் மறைந்தார், நிருவாகம் மாறியது, போரும் கடல்கோளும் கிழக்கிலங்கையைப் புடைத்தெடுத்தன. ஆயினும் கல்லடியிலே இன்றும் மணி அடிக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுகிறார்கள். வைத்தவன் போனபின்னும் நிழல் தருவதன்றோ தோப்பு!

அடுத்த வகுப்பிலே அந்த மாணவிக்கு என் விடையைத் திருத்திச் சொன்னேன். இரண்டு பழமொழிகளும் ஒரே வழியின் இரண்டு அடிகள்; தன் கையை நம்பி எழுந்து நில், எழுந்தபின் அந்தக் கையைப் பிறருக்கு நீட்டு; எழுவதற்கே வலுவில்லாத வேளையில் நீட்டப்படும் கையைப் பற்றிக்கொள்வதில் இழிவில்லை என்றேன். சொல்லோடு நிறுத்துவதற்கு இம்முறை வெட்கமாயிருந்தது. என் பழைய மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குச் சென்று, அவள் பெற்றோருடன் இருந்து பேசினோம். புத்தகச் செலவையும் பஸ் செலவையும் நால்வர் பகிர்ந்துகொள்வதாக முடிவாயிற்று. அவளுடைய தகப்பனார் நெடுநேரம் பேசாதிருந்து, இறுதியில், பரீட்சை வரையாவது படிக்கட்டும் என்றார்.

இப்போது சனிக்கிழமைகளிலே அவள் தன் தோட்டத்துச் சிறுபிள்ளைகள் ஏழெட்டுப் பேரை ஒரு திண்ணையிலே கூட்டிவைத்து வாசிக்கப் பழக்குகிறாளாம். எவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. அது எத்தனை நாள் நிலைக்கும் என்று யான் கணக்கிடவும் இல்லை. சென்ற வாரம் என்னிடம் வந்து, வகுப்பிலே எஞ்சும் சுண்ணக்கட்டித் துண்டுகளைத் தரமுடியுமா என்று கேட்டாள்.

பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். அன்று கரும்பலகையின் மேல்மூலை வெறுமையாகவே இருந்தது.