ஓரடி வைத்த சிப்பாய்

சதுரங்கத்தில் சிப்பாயை முதன்முறை நகர்த்தும்போது இரண்டு கட்டம்கூடத் தாண்டலாம். நம் நாட்டின் பழைய சதுரங்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. எப்போதும் ஒரே ஒரு கட்டம்தான்!

அந்தப் பழைய ஆட்டத்தைத் தந்தையிடம் கற்றுக்கொண்டவர் மிர் சுல்தான் கான். இன்று பாகிஸ்தானில் உள்ள மித்தா திவானா என்ற ஊரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தார். அவரது திறமையைக் கண்ட பஞ்சாப் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான், ஐரோப்பிய விதிகளைப் பழக உதவினார். 1928-இல் அகில இந்திய சாம்பியன் ஆன சுல்தான் கான், மறு ஆண்டே லண்டன் சென்றார்.

அங்கிருந்த வீரர்கள், ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று புத்தகங்களில் ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள். இவருக்கோ அந்தப் பயிற்சி இல்லை. லண்டன் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி மலேரியா காய்ச்சல் வேறு. இருந்தும் 1929-இல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்!

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவர் எதிரே அமர்ந்தவர், கியூபா நாட்டின் கபாபிளாங்கா. முன்னாள் உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காதவர்.

கறுப்புக் காய்களுடன் ஆடிய கபாபிளாங்கா எடுத்த ஆயுதம், 'குயின்ஸ் இந்தியன்' தற்காப்பு. 19-ஆம் நூற்றாண்டில் கொல்கத்தாவில் மகேசந்திர பானர்ஜி போன்ற நம்மவர்கள் ஆடிய பாணியால்தான் இந்தத் தொடக்கங்களுக்கு 'இந்தியன்' என்ற பெயர் வந்தது. இந்தியரை வீழ்த்த இந்தியத் தற்காப்பு!

ஐந்தாவது நகர்த்தலில் சுல்தான் கான், இடது ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே வைத்தார். சாதாரண நகர்த்தல்போலத் தெரியும். ஆனால், மந்திரி எனப்படும் பிஷப், அவரது குதிரையைக் கட்டிப்போட வரும் வழி அதனால் அடைபட்டது.

பிறகு தன் ராணியைக் கொடுத்து, எதிரியின் இரண்டு யானைகளையும் பெற்றார். சிப்பாய்கள் வழியை அடைத்து நின்றதால், கபாபிளாங்காவின் ராணியால் தாராளமாக ஓட முடியவில்லை. பொறுமையாக ஆடிய சுல்தான் கான், 65-ஆவது நகர்த்தலில் வென்றார்!

அதே சின்ன நகர்த்தலைப் பின்னாளில் உலக சாம்பியன் பெட்ரோசியன் விரும்பி ஆடினார். இன்று அந்த முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது. சுல்தான் கான் அதை ஆடியபோது பெட்ரோசியன் ஒன்றரை வயதுக் குழந்தை!

1932, 1933-லும் பிரிட்டிஷ் பட்டம் வென்ற சுல்தான் கான், 1933 இறுதியில் தாயகம் திரும்பினார். பிறகு சர்வதேசப் போட்டிகளில் ஆடவில்லை. 1950-இல் முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்கள் வழங்கப்பட்டபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. 1966-இல் காசநோயால் மறைந்தார்.

உலக சதுரங்கக் கூட்டமைப்பு 2024-இல் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. மறைந்து 58 ஆண்டுகள் கழித்து!

குட்டீஸ், அடுத்த முறை ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தும்போது சுல்தான் கானை நினைத்துக்கொள்ளுங்கள்.