கதவைத் திறந்த கை: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் சரிதம்

திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு வரும் ரயிலில் யாம் தம்மப் பணியின் பொருட்டுப் பலமுறை பிரயாணம் செய்துள்ளோம். வேலூர் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நோயாளியும், அவர் தலையை மடியில் தாங்கிய மனைவியும், மருந்துச் சீட்டுகளை மஞ்சட்பையில் பத்திரப்படுத்திய மகனும் அவ்வண்டியில் எந்நாளும் இருப்பர். சிலர் குணமடைந்து ஊர் திரும்புவர். சிலரோ, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற சொல்லைச் சுமந்து திரும்புவர். அவ்விரண்டாம் வகையினர்க்கு நாம் செய்யத்தக்கது யாது? அவ்வாஸ்பத்திரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையைக் கற்றபோது எமக்கு விடை கிடைத்தது.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு வந்த கிறிஸ்தவ மருத்துவர், தந்தையாரும் மருத்துவரே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் மெலிந்த குழந்தைகளுக்குத் தம் சிறு கையால் ரொட்டித் துண்டுகளை வழங்கியவர் அவர். ஆயினும் வளர்ந்தபின், இத்துயரங்களினின்று விலகி அமெரிக்காவில் சுகமாக வாழ்வதையே விரும்பினார். நோயுற்ற தாயாருக்கு உதவும் பொருட்டு 1890-இல் திண்டிவனம் வந்தபோதும், விரைவில் திரும்பிச் செல்லவே எண்ணியிருந்தார்.

அங்கிருந்த காலத்தில் ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் உயர்சாதி இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தந்தையார் மருத்துவராக இருந்தும், அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்களைத் தீண்டலாகாது என்று மறுத்து, ஐடாவையே அழைத்தனர். மருத்துவம் கல்லாத அந்நங்கை செய்வதறியாது நின்றார். பொழுது விடிந்தபோது சாப்பறை ஒலித்தது. மூன்று பெண்களும் மாண்டனர். வழக்கமும் ஆசாரமும் மருந்தை வாயிலில் நிறுத்தின. மரணத்தை நிறுத்த அவற்றால் இயலவில்லை.

விலகிச் செல்ல எண்ணியவர் அன்றே மனம் மாறினார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் செல்வர் தம் காலஞ்சென்ற மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் 1900-இல் வேலூரை அடைந்தார். அந்நாளில் வேலூர், சித்தூர், திருப்பதி ஆகிய மூன்றும் ஒரே வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. சித்தூரே அதன் தலைநகர். 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று.

வந்த ஆண்டிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்ட இருந்தவரை இழந்தும் அம்மையார் பணியை விடவில்லை. தம் இல்லத்துச் சிற்றறையிலே, வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமியைத் துணையாகக்கொண்டு, இரண்டாண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகளைக் கவனித்தார். 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. பின்னர் மோட்டார் வண்டியில் கிராமங்கட்குச் சென்று, சாலையோர மரநிழலில் வைத்தியம் செய்தார்.

இன்றுள்ள நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அந்நாளில் இல்லை. மருத்துவரின் மருந்து முடிந்த இடத்தில் செவிலியரின் கையே மருந்தாயிற்று. ஆதலின் மருத்துவப் பள்ளிக்கு முன்பே, 1909-இல், செவிலியர் பயிற்சிப் பள்ளி அங்குத் தொடங்கிற்று. பிறர் மலசலத்தைத் தொடுதல் தீட்டென்று கருதப்பட்ட காலம் அது. அவ்வேலையைக் கல்வியாகவும் கௌரவமாகவும் ஆக்கியதே அப்பள்ளியின் பெருஞ்செயல். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும், 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பும் தோன்றின. அவ்வாண்டே ஓய்வு பெற்ற அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே மாதம் தமது 89-ஆம் வயதில் கோடைக்கானலில் காலமானார்.

அவர் சமயம் வேறு. ஆயினும் அவர் சரிதத்தைப் படிக்குந்தோறும் வினய பிடகத்தின் மகாவக்கமே எம் நினைவிற்கு வருகின்றது. வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவன் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையால் நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார். நோயாளியைப் பேணுவோர்க்கு ஐந்து இலக்கணமும் வகுத்தார்: மருந்தைப் பக்குவம் செய்ய அறிதல், ஏற்றதும் ஏலாததும் தெரிதல், ஊதியங் கருதாது அன்பினால் பேணல், மலம், சிறுநீர், வாந்தியை அருவருக்காமை, தம்ம உரையால் மனத்தைத் தேற்றல் என்பன.

ஐந்தாவதை மட்டுமே யாம் கற்றிருந்தோம். ஆலையில் எம்முடன் ஒரே ஷிப்டில் உழைத்த தோழர் ஒருவர் வாய்ப்புற்றால் படுத்தபோது, பழங்களுடன் காணச் சென்றோம். நாற்றம் தாளாது வாயிற்படியிலேயே நின்று, பையை அவர் மனைவியிடம் கொடுத்துத் திரும்பினோம். எட்டாம் நாள் அவர் சவக்குழியருகே திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதினோம். அவ்வம்மை எம்மை நிந்திக்கவில்லை, வணங்கினார். அவ்வணக்கம் இன்றும் எம்மைச் சுடுகின்றது.

அன்பர்காள்! செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது நோயைக் குறித்த சொல், நோயாளியைக் குறித்ததன்று. உலர்ந்த வாயை ஈரத்துணியால் நனைக்கலாம். படுக்கைப்புண் வராமல் புரட்டிக் கிடத்தலாம். பல இரவு விழித்த மனைவியை ஓரிரவேனும் உறங்கவைத்து, நாம் விழித்திருக்கலாம். கடும் வலியை மார்பின் மருந்து மருத்துவர் மேற்பார்வையில் தணிக்கும். அது தடையின்றிக் கிடைத்தற்பொருட்டு 2014-இல் சட்டமும் திருத்தப்பட்டுள்ளது. வலி தணிப்புச் சிகிச்சைக்கென 2012-இல் மத்திய அரசு திட்டமும் வகுத்தது. இவை எங்குக் கிடைக்குமென விசாரித்துச் சொல்வதும் தம்மப் பணியே.

இப்பொழுது சித்தூரிலோ திருப்பதியிலோ நம்மவர் இல்லத்தில் ஒருவர் இறுதி நோயுற்றார் எனக் கேட்டால், மரணச் செய்திக்கு யாம் காத்திருப்பதில்லை. முன்னதாகவே சென்று, வாயிற்படியைத் தாண்டி, அருகமர்ந்து, கையைப் பற்றுகின்றோம். சூத்திரம் ஓதுவது அதன் பின்னரே.