தஞ்சாவூர் வீணையில் ஏன் 24 மெட்டு? ரகுநாத நாயக்கர் என்ற ‘டிசைனர்’ ராஜாவின் கதை

சிதார் வாசிப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ராகம் மாறும்போது, சிதாரின் நீண்ட தண்டில் இருக்கும் வளைந்த உலோகத் துண்டுகளில் சிலவற்றை லேசாக மேலேயோ கீழேயோ நகர்த்திக்கொள்வார்கள். நூலால் கட்டப்பட்டவை என்பதால் அவை நகரும். வீணையில் அந்த வேலையே கிடையாது. மெழுகில் பதித்த 24 மெட்டுகள் அசையாமல் இருக்கும். தோடி வாசித்தாலும் சங்கராபரணம் வாசித்தாலும் அதே 24தான்.

இந்த வடிவமைப்போடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர், சுமார் 400 வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர். போர், வரி, வழக்கு என்று ஆயிரம் வேலை இருக்கும் ஒரு ராஜாவுக்கு வீணையின் மெட்டில் என்ன அக்கறை? உண்மையிலேயே இதை டிசைன் செய்தது அவர்தானா?

நெல் கொடுத்த வசதி

தஞ்சை நாயக்கர் ஆட்சி 1532-ல் செவ்வப்ப நாயக்கருடன் தொடங்கியது. விஜயநகரப் பேரரசின் பிரதிநிதிகளாக வந்தவர்கள் இவர்கள். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்று, தலைநகரமே சிதைந்தது. அங்கே அரண்மனையை நம்பி வாழ்ந்த புலவர்களும் இசைக்காரர்களும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பலர் தெற்கே வந்தார்கள்.

அவர்களைத் தாங்கும் வசதி தஞ்சாவூருக்கு இருந்தது. காவிரித் தண்ணீர், வண்டல் மண், அதில் விளையும் நெல். அந்த வருமானம்தான் கோயிலுக்கும் குளத்துக்கும் பாட்டுக்கும் கூத்துக்கும் போனது. செவ்வப்பரின் மகன் அச்சுதப்ப நாயக்கர் காலத்தில் மெலட்டூர் போன்ற ஊர்கள் கலைக் குடும்பங்களுக்கு மானியமாகக் கிடைத்தன.

அச்சுதப்பரின் மகன் ரகுநாதர் வளர்ந்தது இந்தச் சூழலில். செவ்வப்பர், அச்சுதப்பர், ரகுநாதர் என மூன்று தலைமுறைக்கும் அமைச்சராக இருந்தவர் கோவிந்த தீட்சிதர். நிர்வாகி, சமஸ்கிருத அறிஞர், இசை இலக்கணம் தெரிந்தவர். இந்தக் கதையில் இவர் மறுபடியும் வருவார்.

ஒரு பக்கம் போர், ஒரு பக்கம் வீணை

1600 வாக்கில் ரகுநாதர் ஆட்சிக்கு வந்தார். 1614-ல் விஜயநகர அரியணைக்கு வாரிசுச் சண்டை வெடித்தது. ஜக்கராயன் என்ற தலைவன், அரசரையும் குடும்பத்தையும் கொன்றான். ராமதேவன் என்ற சிறுவன் மட்டும் தப்பினான். ரகுநாதர் அந்தச் சிறுவன் பக்கம் நின்றார். மதுரை நாயக்கர் எதிர்ப்பக்கம் போனார். 1616-17 வாக்கில் கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும் போரில் ரகுநாதர் தரப்பு வென்றது. ஜக்கராயன் கொல்லப்பட்டான்.

1620-ல் டென்மார்க் நாட்டுக் கப்பல்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, தரங்கம்படியில் கோட்டை கட்ட அனுமதி கொடுத்தவரும் இவர்தான்.

இதற்கு நடுவில் தெலுங்கில் காவியங்கள் எழுதினார். அவர் சபையில் பெண் புலவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ராமபத்ராம்பா, ரகுநாதரின் வாழ்க்கையையே சமஸ்கிருதக் காவியமாக எழுதினார். ரகுநாதர் வீணை வாசிப்பதில் தேர்ந்தவர் என்ற பெயரும் இருந்தது. அதாவது, அந்தப் பொருளைத் தினமும் கையில் எடுத்த ஒரு ‘யூசர்’.

அந்தப் பிரச்சினைதான் என்ன?

சங்கராபரணத்திலிருந்து தோடிக்குப் போனால் ரி, க, த, நி என நான்கு சுரங்களின் இடமும் மாறும். ஒரு ராகத்துக்குத் தேவையான இடங்களில் மட்டும் மெட்டு வைத்த கருவி என்றால், அடுத்த ராகத்துக்கு மெட்டுகளை நகர்த்த வேண்டும், இல்லையென்றால் வேறு கருவியை எடுக்க வேண்டும். நாலு ராகம் வாசிக்கும் ஒரு மாலைக் கச்சேரிக்கு இது பெரிய தொல்லை.

இது தஞ்சாவூரின் தலைவலி மட்டும் இல்லை. ஐரோப்பாவின் லூட் கருவியிலும் மெட்டுகள் நகரக்கூடியவைதான். குடல் நரம்பால் கட்டியிருப்பார்கள். அவற்றை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டவர்களில் ஒருவர், விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி. 1581-ல் வந்த அவருடைய நூலில் அதற்கு 18:17 என்ற விகிதத்தைச் சொல்லியிருந்தார்.

தஞ்சாவூர் வீணை எடுத்த வழி வேறு. ஒரு ஸ்தாயிக்கு 12 சுர இடங்கள். இரண்டு ஸ்தாயிக்கு 24. எல்லாவற்றுக்கும் மெட்டு வைத்துவிடு. எந்த ராகம் வந்தாலும் தேவையான மெட்டில் விரல் வை, மற்றதைத் தாண்டிப் போ. இவ்வளவுதான் ஐடியா.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நம் இசையில் சுரம் ஒரே இடத்தில் நிற்காது, அசையும், வழுக்கும். மெட்டை அசையாமல் வைத்துவிட்டால் கமகம் எப்படி வரும்? பதில் தந்தியில் இருக்கிறது. மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அதே மெட்டில் மேலே உள்ள சுரங்களையும் தொடலாம். மெட்டு நகராது, தந்தி நகரும்.

இன்னொரு நுட்பம் மெழுகு. மெட்டுகளை மரத்தில் நேராக அடித்துவிடுவதில்லை. தேன்மெழுகுக் கலவையில் பதிக்கிறார்கள். வருஷங்கள் போகப் போக சுருதி விலகினால், மெழுகை இளக்கி மெட்டுகளை மறுபடி சரியான இடத்தில் வைக்கலாம். இதற்கு ‘மேளம் கட்டுவது’ என்று பெயர். வாசிப்பவருக்கு அது நிலையானது, செய்பவருக்குத் திருத்தக்கூடியது.

அப்போ டிசைனர் யார்?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. எல்லா ராகத்துக்கும் ஒரே மெட்டு அமைப்பு என்ற யோசனை ரகுநாதருக்கு முன்பே இருந்தது. 1550-ல் ராமாமாத்தியர் எழுதிய ‘ஸ்வரமேளகலாநிதி’ நூலில், ஒரே ராகத்துக்கான வீணை, எல்லா ராகத்துக்குமான வீணை என்ற பிரிவு வந்துவிட்டது. தஞ்சாவூரில் நடந்தது, அந்த யோசனை ஒரு உறுதியான வடிவத்துக்கு வந்ததுதான்.

அதிலும் ராஜாவின் பங்கு எவ்வளவு, அமைச்சரின் பங்கு எவ்வளவு? ‘சங்கீத சுதா’ என்ற இசை நூல் ரகுநாதர் பெயரில் இருக்கிறது. ஆனால் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, அதை எழுதியது தன் அப்பா என்று பதிவு செய்திருக்கிறார். அதே வேங்கடமகி, ஒரு வகை வீணைக்கு ரகுநாதரின் பெயரைச் சொல்லித்தான் விளக்கம் எழுதினார். நூல் அப்பாவுக்கு, வீணை ராஜாவுக்கு.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு. பலா மரத்தைக் குடைந்து, மெழுகு காய்ச்சி, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் அதன் இடத்தில் உட்கார வைத்த ஆசாரி. அரை நெல் அளவு தள்ளிப்போனாலும் சுரம் பிசகும். ராஜா கேட்டிருக்கலாம், அமைச்சர் கணக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் வேலை செய்யும் பொருளாக அதை மாற்றியது அந்தக் கை. அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

அதுக்கப்புறம்?

ரகுநாதர் 1634 வாக்கில் காலமானார். அவர் மகன் விஜயராகவர் காலத்தில் வேங்கடமகி ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யை எழுதினார். அதன் முதல் அத்தியாயமே வீணையைப் பற்றித்தான். ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6, மத்யமம் 2. பெருக்கினால் 72 மேளம். அதில் அன்றைக்குப் புழக்கத்தில் இருந்தவை 19தான். மீதி எல்லாம் வருங்காலத்துக்கு என்று இடம் ஒதுக்கியது போல. பன்னிரண்டு இடங்களும் கண்ணெதிரே வரிசையாக நிற்கும் ஒரு கருவியில், வருங்கால ராகத்துக்கும் இடம் தயாராக இருந்தது.

1673-ல் மதுரை நாயக்கர் படையோடு நடந்த போரில் விஜயராகவர் இறந்தார். தஞ்சை நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது. பிறகு மராட்டியர்கள், ஆங்கிலேயர்கள் என ஆட்சிகள் மாறின. வீணையின் 24 மெட்டு மாறவில்லை.

2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம் வந்து இறங்க, தஞ்சாவூர் பட்டறைகளில் குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் கையால்தான் செதுக்கப்படுகின்றன. ஆனால் இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். 24 மெட்டு எங்கே இருக்க வேண்டும் என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மெழுகு சூடாக இருக்கும் அந்தச் சில நிமிஷத்தில் அதைச் சரியாக வைக்க, பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை வேண்டும்.

அடுத்த முறை தஞ்சாவூர் போனால், பெரிய கோயிலோடு சேர்த்து ஒரு வீணைப் பட்டறையையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். செய்பவரின் பெயரையும் மறக்காமல் கேளுங்கள்.