மோட்டாரில் எக்ஸ்ரே கொண்டு சென்ற கியூரி அம்மையார்

புதுச்சேரி கடற்கரையில் ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மடிந்த பிரஞ்சிந்திய வீரர்களை நினைவூட்டுவது அது. அதே போரில், குண்டடி பட்டவர்களைக் காக்க எக்ஸ்ரே கருவியுடன் போர்முனைக்குப் போனார் ஒரு பெண்மணி. அவர்தான் ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையார்.

1867-ல் போலந்தில் பிறந்த அவர், 1903-லும் 1911-லும் நோபல் பரிசு பெற்றவர். போர் மூண்டதும் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்தார்.

உடலில் குண்டு எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாமலே டாக்டர்கள் கத்தி வைக்க வேண்டியிருந்தது. போர்முனை ஆஸ்பத்திரிகள் பலவற்றில் எக்ஸ்ரேயும் இல்லை, மின்சாரமும் இல்லை.

அம்மையார் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றினார். வண்டியின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றியது. ஆஸ்பத்திரியை அடைந்ததும் மின்கம்பியை உள்ளே இழுத்துக் கருவியோடு இணைப்பார்கள். மின்சாரம் சரியாக வருகிறதா என்று அம்மையாரே சோதிப்பார். டைனமோ நின்றுவிட்டால் எக்ஸ்ரே குழாய் வெறும் கண்ணாடிதான்!

நடுவழியில் மெக்கானிக்கை எங்கே தேடுவது? ஐம்பது வயதை நெருங்கிய அவர், கார் ஓட்டப் பழகினார். டயர் மாற்றினார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். மகள் ஐரீனும் உடன் உழைத்தார்.

இவ்வாறு சுமார் 20 வண்டிகளும் 200 எக்ஸ்ரே நிலையங்களும் உருவாயின. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் பயன் பெற்றனர். ஏறத்தாழ 150 பெண்கள் பயிற்சி பெற்றனர்.

1934-ல் அம்மையார் ரத்த நோயால் காலமானார். போர்க்காலத்தில் போதிய பாதுகாப்பின்றி ஏற்ற எக்ஸ்ரே கதிர்களும் அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.