திரும்பி வந்த 90 ஜோடி

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு இரண்டு முறை நினைவூட்டல் வந்துவிட்டது. ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுத என்னைவிட நன்றாக எழுதும் சீனியர்கள் இருக்கிறார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒவ்வொரு மலரிலும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதனால் நான் ஒரு பூட்ஸ் கடைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில், ஃப்ரீபோர்ட் என்கிற சிறிய ஊரில் கடை வைத்திருந்தவர். இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பெயர் லியான் லியான்வுட் பீன். எல்.எல். பீன் என்றால் அந்தப் பக்கம் செட்டிலான நம் பேட்ச்காரர்களுக்கு உடனே தெரியும். முதல் பனிக்காலத்தில் அவர் பெயர் போட்ட பூட்ஸையோ சட்டையையோ வாங்கியிருப்பார்கள்.

அவரைத் தேடிப்பிடித்து நான் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணம்தான். கடைசியில் சொல்கிறேன்.

பீன் பிறந்தது 1872 நவம்பர் 13. ஊர், அதே மாநிலத்தில் கிரீன்வுட். 12 வயதில், சில நாட்கள் இடைவெளியில் தாயையும் தந்தையையும் இழந்தார். பிறகு உறவினர்களிடம் வளர்ந்தார். காடும் ஏரியும் நிறைந்த பிரதேசம் அது. வேட்டையும் மீன்பிடிப்பும் அங்கே பையன்களுக்குக் கூடவே வருகிற பழக்கங்கள். சின்ன வயதில் திருவிழாச் சந்தைக்குப் போகிறாயா, மிருகம் பிடிக்கும் பொறி வாங்கக் காசு வேண்டுமா என்று அப்பா கேட்டபோது, பையன் பொறிதான் வேண்டும் என்றானாம். 13 வயதில் முதல் மானைச் சுட்டு 12 டாலருக்கு விற்றார் என்றும் சொல்வார்கள். வியாபார புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அவர் ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகள் இவை.

ஆனால் அந்தப் புத்தியால் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஏதேதோ வேலை பார்த்தார், சகோதரர் கடைகளில் துணியும் காலணியும் விற்றார், கல்யாணம் செய்துகொண்டார், குழந்தைகள் பிறந்தார்கள். நாற்பதை நெருங்கும்போதும் ஒரு சாதாரணக் கடைக்காரர்தான். முப்பது வயசுக்குள்ளே சாதித்தே ஆக வேண்டும் என்று அவசரப்படும் தம்பிகள் இதைக் கவனிக்கலாம். எனக்கே இது பெரிய ஆறுதலாக இருந்தது.

1911-இல் ஒரு வேட்டைக்குப் போய், கால் முழுக்க நனைந்து விறைத்துப்போய்த் திரும்பினார். அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்கு இரண்டே வழி. முழுத் தோல் பூட்ஸ் போட்டால் காலோடு ஒட்டி வளையும், கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சதுப்பில் நடந்தால் தண்ணீர் குடித்துக் கனமாகிவிடும். முழு ரப்பர் போட்டால் தண்ணீர் ஏறாது. ஆனால் உள்ளே வேர்வை, நடக்க நடக்கப் பாரம். பீன் யோசித்தது ரொம்ப எளிமையானது. தண்ணீர் படுவது கீழே, வளைய வேண்டியது மேலே. அப்படியென்றால் கீழே ரப்பர், மேலே தோல். தொழிலாளர்கள் போடும் ரப்பர் காலணி ஒன்றை எடுத்து, அதன்மேல் தோலை வைத்து, உள்ளூர்ச் செருப்புத் தைப்பவரிடம் தைத்து வாங்கினார். போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். கால் நனையவில்லை.

1912-இல் விற்க ஆரம்பித்தார். இதில் அவர் செய்த ஒரு காரியம் சாமர்த்தியமானது. வெளிமாநிலத்திலிருந்து மெய்ன் காடுகளுக்கு வேட்டையாட வருகிறவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பிடித்தார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஈரக் காட்டில் நடக்கப் போகிறவர் என்பது நிச்சயம்! அவர்களுக்கு மூன்று பக்கச் சுற்றறிக்கை ஒன்றை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். திருப்தி இல்லாவிட்டால் பணம் வாபஸ் என்ற உறுதிமொழியும் அதில் இருந்தது. 100 ஜோடி விற்றது.

அதில் 90 ஜோடி திரும்பி வந்தது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு! நம் காலேஜில் அந்த சதவீதத்துக்குத் தங்கப் பதக்கமே கொடுப்பார்கள். ஒரு தயாரிப்பில் அத்தனை சதவீதம் தோல்வி என்றால் ஆள் கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

என்ன ஆயிற்று? தையல் பிய்ந்துகொண்டது. ஊசி இறங்கிய ஓட்டைகள் வரிசையாக ரப்பரில் இருக்கின்றன. தபால்தலைத் தாளில் கிழிப்பதற்கு வசதியாக வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அதே ஏற்பாடுதான். தோல் நூலைத் தாங்கிக்கொள்ளும். அந்த மெல்லிய ரப்பர் தாங்காது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கால் வளைகிற இடத்தில் நூல் இழுக்க, துளைக்குத் துளை கிழிந்துகொண்டே போகும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது உடனே புரியும். (நான் தூங்கினேன், வேலைக்குப் போன பிறகு புரிந்தது.) பீன் தானே போட்டுப் பார்த்த ஜோடி நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்ததில் தெரியாத ஒன்று, நூறு பேர் கால்களில் ஏறிய பிறகு தெரிந்தது.

90 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கையில் இருந்தது போயிற்று. மறுபடியும் கடன் வாங்கினார். அந்தக் கடனோடு பாஸ்டன் போய், யு.எஸ். ரப்பர் கம்பெனியைப் பிடித்து, தையலைத் தாங்கும்படியான நல்ல ரப்பர் அடிப்பாகம் செய்து தரச் சம்மதிக்க வைத்தார். அதை வைத்துப் புதிய பூட்ஸ் தைத்து, மீண்டும் சுற்றறிக்கை அனுப்பினார். 1913 ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்கத் தபால் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது அவருக்கு நல்ல நேரம். கிராமத்தில் இருக்கிறவனும் கடைக்குப் போகாமல் சாமான் வாங்கலாம் என்று ஆனது. இன்னொரு வசதி, அவருடைய சகோதரர் ஒருவரே ஃப்ரீபோர்ட்டில் போஸ்ட்மாஸ்டர். தபாலாபீசுக்கு மேல் மாடியிலேயே பட்டறை!

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நான் அரியர் வைத்தவன், அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. ஒரு சிஸ்டம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டுமென்றால் எங்கே தவறு என்கிற சிக்னல் திரும்பி வந்தாக வேண்டும். கடைகளில் அந்த சிக்னல் பெரும்பாலும் வருவதே இல்லை. பூட்ஸ் கிழிந்தவன் நாலு வார்த்தை திட்டிவிட்டு மூலையில் போட்டுவிடுவான், அடுத்த முறை வேறு கடைக்குப் போவான். கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. சரக்கு நன்றாகப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். பணம் வாபஸ் என்று பீன் அச்சடித்ததை எல்லாரும் நேர்மை என்று பாராட்டுகிறார்கள். நேர்மைதான், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜினியர் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. கிழிந்த பூட்ஸைத் தபாலில் திருப்பி அனுப்பும் சிரமத்தை 90 பேர் எடுத்துக்கொண்டார்கள் என்றால், அதற்குப் பணம் கிடைக்கும் என்பதால்தான். கிழிந்த இடத்தோடு 90 மாதிரிகள் அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தன. எந்தப் பரிசோதனைச் சாலை அவருக்கு இதைச் செய்து கொடுத்திருக்கும்? (மீதிப் பத்துப் பேர் அந்த வருஷம் வேட்டைக்கே போகவில்லையோ என்னவோ.)

1916-இல் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். சரக்கு தேய்ந்து தீர்ந்து, அப்போதும் வாடிக்கையாளர் திருப்தியாக இருந்தால்தான் அந்த விற்பனை முடிந்ததாகத் தாம் கருதுவதாக அதில் எழுதியிருந்தது. பில் போட்ட உடனே நாம் விற்பனை முடிந்தது என்கிறோம். அவர் கணக்கில் அது சில வருஷங்கள் கழித்து முடிகிற விஷயம்.

பூட்ஸுக்குப் பிறகு சட்டை, கோட்டு, மீன்பிடிச் சாமான் என்று கேட்லாக் வளர்ந்தது. 1937-இல் விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. விற்கும் சாமானைத் தாமே காட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். அந்தச் சாக்கில் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போய்விடுவார் என்பது என் சந்தேகம். கொடுத்துவைத்த மனுஷன்! இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டனுக்கு அழைத்து, சிப்பாய்களின் பூட்ஸ் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டார்கள்.

கடை எப்படி மாறிற்று என்று பார்த்தால் அதிலும் வாடிக்கையாளர் கைதான் தெரிகிறது. வேட்டைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே காட்டில் இருக்க வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஃப்ரீபோர்ட் வழியாகப் போவார்கள். நடுராத்திரியில் கடை மணியை அடித்து ஆளை எழுப்புவார்கள். 1951-இல் பீன் ஒரு முடிவுக்கு வந்தார்: இனிமேல் கடை 24 மணி நேரமும், வருஷம் 365 நாளும் திறந்திருக்கும். 1954-இல் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. அதைச் சொல்லிக் கேட்டு நடத்த வைத்தவர் அவருடைய இரண்டாவது மனைவி கிளேர். 1944-இல் ஐஸ் கட்டி தூக்கிக்கொண்டு போக ஒரு கெட்டியான கேன்வாஸ் பை போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்த பிறகு ஐஸ் தூக்கிப் போக ஆளில்லை. 1960-களில் அதே பையைக் கலர் ஓரம் வைத்து, படகுக்கும் கடைத்தெருவுக்கும் எடுத்துப் போகும் பையாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் மாவு மில்லுக்குப் போகும் கட்டைப்பைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும்.

இத்தனை நல்லது சொன்னதால் மற்றதையும் சொல்லிவிட வேண்டும். வயதான காலத்தில் பீனுக்குக் காது மந்தமாகிவிட்டது. நிஜக் காதைச் சொல்லவில்லை. 1950-களின் கடைசியிலும் 60-களிலும் கம்பெனி நின்ற இடத்திலேயே நின்றது. வேலையாட்களுக்கு வயதாகியிருந்தது, கேட்லாக்கில் பழைய சரக்கு. இன்னும் பெரிதாக்கலாமே என்று சொன்னால், மூன்று வேளை நன்றாகச் சாப்பிடுகிறேன், நாலாவது வேளை சாப்பிட வயிற்றில் இடமில்லை என்கிற தோரணையில் பதில் சொல்வாராம். மகள் வயிற்றுப் பேரன் லியான் கோர்மன் 60-களின் தொடக்கத்தில் கம்பெனியில் சேர்ந்தார். எதை எதைத் திருத்த வேண்டும் என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். தாத்தா இருக்கும்வரை நோட்டில் இருந்தது பெரும்பாலும் நோட்டிலேயே இருந்தது. பூட்ஸை அவர் விற்றது வாடிக்கையாளர்களுக்கு. யோசனை சொன்னவனோ வீட்டுப் பையன். அவர் செவிசாய்க்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் வீடுகளிலும் இதே கதைதானே.

1967 பிப்ரவரி 5 அன்று, ஃப்ளோரிடாவில் பாம்பனோ பீச் என்ற ஊரில், 94 வயதில் பீன் காலமானார். முகம் பார்த்திராத வாடிக்கையாளர்களிடமிருந்து அனுதாபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஃப்ரீபோர்ட் தபாலாபீசுக்கு அந்த வாரம் கைநிறைய வேலை இருந்திருக்கும். பேரன் பொறுப்பேற்றார். நோட்டைத் திறந்தார். அவரும் தாத்தாவைப் போலச் சரக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் போய்ப் பார்க்கிறவரானார். சுமார் ஐம்பது லட்சம் டாலர் விற்பனையில் கைக்கு வந்த கம்பெனி, அவர் காலத்திலேயே நூறு கோடி டாலரைத் தாண்டியது.

ஒரு செய்தி பாக்கி. 2018 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி, எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற பழைய ஏற்பாட்டை நிறுத்தி, ரசீதோடு ஓராண்டு என்று வரம்பு வைத்தது. பழைய சாமான் விற்கும் இடத்தில் சல்லிக்காசுக்கு வாங்கியதை எல்லாம் கொண்டுவந்து புதுசு கேட்கிற கூட்டம் பெருகியிருந்தது. குப்பையில் போடத்தான் லாயக்கு என்கிற நிலையில் திரும்பி வந்த சரக்கால் மட்டும் ஐந்து வருஷத்தில் 25 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார்கள். பீன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அப்போது பலரும் விவாதித்தார்கள். திரும்பி வந்த பூட்ஸ் எதையும் சொல்லித்தராத நிலைக்கு வந்த பிறகு அதை வாங்கி வைத்து என்ன பயன் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் ரீயூனியன் அன்று டீ இடைவேளையில் வரலாம்.

இப்போது என் காரணம். நான் வேலை பார்ப்பது ஒரு பம்புசெட் தொழிற்சாலை. வாரண்டியில் திரும்பி வரும் மோட்டார்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் என்ற கட்டத்தில் லோ வோல்டேஜ் என்று எழுதினால் வேலை முடிந்தது. விவசாயி வீட்டுக் கரண்ட் மேல் பழி, நம் மேல் ஒன்றுமில்லை. வருஷக்கணக்காக நானும் அப்படித்தான் எழுதி வந்தேன், பிரித்துக்கூடப் பார்க்காமல். ஒரு பெரியவர், மோட்டாரோடு ஒரு பள்ளிக்கூட நோட்டையும் சேர்த்து அனுப்பினார். தினமும் காலையும் மாலையும் வோல்ட்மீட்டர் காட்டியதை மகனை விட்டு எழுத வைத்திருந்தார். ஒருநாள்கூட வோல்டேஜ் இறங்கவில்லை. நானோ நோட்டைப் பார்ப்பதற்கு முன்பே படிவத்தில் வழக்கம்போல எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அன்றைக்கு மோட்டாரைப் பிரித்தேன். சீல் வழியாகக் கசிந்த தண்ணீர் பேரிங்கில் இறங்கி, பேரிங் துருப்பிடித்து இறுகி, லோடு ஏறிக் காயில் கருகியிருந்தது. பக்கத்தில் அதே மாடலில் இன்னும் ஆறு கிடந்தன. ஆறையும் பிரித்தேன். நாலில் அதே கதை.

பெரியவருக்குப் புது மோட்டார் போயிற்று. படிவத்தை அடித்துத் திருத்தி எழுதினேன். சீலை மாற்றச் சொல்லி நான் கொடுத்த குறிப்பு இன்னும் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் இருக்கிறது. திரும்பி வரும் மோட்டார்களைப் பிரித்துப் பார்க்கத் தனியாக ஒரு மேஜை கேட்டிருந்தேன். மேஜை மட்டும் போன மாதம் வந்துவிட்டது. ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறோம்.