விரல் நுனியில் நோயைக் கண்ட மருத்துவர் மோரிஸ் ரேனோ



பெரிய பெரிய பொருளை ஆராய்ந்தவர்கள்தாம் பேர் எடுப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மனிதரின் விரல் நுனியைக் கூர்ந்து பார்த்தே மருத்துவ உலகில் அழியாப் பெயர் பெற்றார் ஒருவர். அவரே பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ.

ரேனோ 1834ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஒரு பேராசிரியர். புகழ்பெற்ற மருத்துவரான உறவினர் ஒருவரின் துணையோடு மருத்துவம் பயின்றார்.

அக்காலத்தில் சிலருக்கு ஒரு விநோதமான தொல்லை இருந்தது. குளிர் பட்டாலோ, மனம் கலங்கினாலோ விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்து மரத்துப்போகும். பிறகு நீலம் பாயும். இரத்தம் திரும்பும்போது சிவந்து, எரிச்சல் எடுக்கும். குளிர்ல விரல் விறைக்கிறது எல்லாருக்கும் உள்ளதுதானே என்று பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால், சிலருக்கு விரல் நுனி புண்ணாகிக் கறுத்தும் போனது.

இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால்தான் சதை இப்படிக் கறுக்கும் என்பது அன்றைய எண்ணம். ரேனோ நோயாளியின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். நாடி துடித்தது! அப்படியானால் பெரிய குழாய் அடைபடவில்லை. விரலில் உள்ள சிறு குழாய்கள்தாம் நரம்பின் தூண்டுதலால் சுருங்கிக்கொள்கின்றன என்று முடிவு கட்டினார். 25 நோயாளிகளின் கதையைப் பொறுமையாக எழுதி, 1862ஆம் ஆண்டு பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். அவர்களுள் 20 பேர் பெண்கள். அதே ஆண்டில், நாடக ஆசிரியர் மொலியேர் காலத்து மருத்துவர்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். மருத்துவத்தோடு இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர்!

ரேனோ சொன்னது முழு உண்மை அல்ல. எல்லாரும் ஒரே நோயால் துன்பப்படுவதாக அவர் கருதினார். காரணங்கள் பல என்பதைப் பின்வந்த மருத்துவர்கள் கண்டறிந்தனர். அவற்றுள் கொடியது ஸ்க்லெரோடெர்மா எனப்படும் தோல் இறுக்க நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும். தோல் தடித்து இறுகும்; வாய் குறுகும்; விழுங்கச் சிரமம் உண்டாகும். நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் கேடு போகும். இதை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. இந்நோய் கண்டவர்களில் 100க்கு 90 பேருக்கும் மேல் ரேனோ சொன்ன விரல் மாற்றம் உண்டு. பலருக்கு அதுதான் முதல் அறிகுறி. மற்றவை தெரிய ஆண்டுக்கணக்கிலும் ஆகலாம். ஆகவே இன்றைய மருத்துவர்கள் நகத்தின் அடியில் உள்ள நுண்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். முன்கூட்டியே கண்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் காக்க வழி உண்டு.

விரல் வெளுத்தாலே இந்நோய்தான் என்று பயந்துவிட வேண்டாம். பெரும்பாலோருக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால், அடிக்கடி வெளுத்தாலோ, நுனியில் புண் வந்தாலோ, கைத்தோல் இறுகினாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மரம் அறுக்கும் இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம் போன்றவற்றின் அதிர்வு ஆண்டுக்கணக்கில் கையில் ஏறினாலும் விரல் வெளுக்கும். உழைக்கும் அன்பர்கள் இதை மறக்கக் கூடாது. புகைப்பதும் குழாய்களைச் சுருக்கும்.

ரேனோ 1879ஆம் ஆண்டு மருத்துவப் பேரவை உறுப்பினரானார். மருத்துவ வரலாறு கற்பிக்கும் பேராசிரியர் பதவியை விரும்பினார், கிட்டவில்லை. 1881ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 29ஆம் நாள், 46ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் இலண்டன் மருத்துவ மாநாட்டில் அவர் எழுதி வைத்த உரையை வேறொருவர்தான் வாசித்தார். 1888இல் அவர் ஆய்வு ஆங்கிலத்தில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் அந்த விரல் மாற்றம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மாணவர்களே! பரிசு வாங்கும் கைகளும் வாங்காத கைகளும் இங்கே உண்டு. ரேனோவும் விரும்பிய பதவியைப் பெறாதவரே. ஆனாலும், மற்றவர் அற்பம் என்று ஒதுக்கியதை அவர் உற்றுப் பார்த்தார். நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பழக்கம் உங்களுக்கும் வரட்டும்!