அம்மையார் பெற்ற வாக்குறுதி

பெண் கேட்டு வருவோர் நிபந்தனை விதிப்பதும், பெண்ணைப் பெற்றோர் அதற்குத் தலையசைப்பதும் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். மணப்பெண்ணின் கருத்தை எவரும் வினவுவதில்லை. 1914ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு திருமணத்தில் இவ்வழக்கம் தலைகீழாயிற்று. நிபந்தனை விதித்தவர் மணப்பெண். அதற்கு இசைந்தவர் மணமகன். அப்பெண்மணியே டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அன்னையார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் தோன்றியவர். அவரை மணந்தமையால் ஐயரை அவர்தம் சுற்றத்தார் ஒதுக்கிவைத்தனர். ஊர் விதித்த வரம்பை மீறி மணந்தவர் அடையும் துன்பத்தை அம்மையார் தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தார்.

பருவமெய்திய பெண் பள்ளிக்குச் செல்லலாகாது என்பது அக்கால வழக்கு. ஆகவே, வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். மகளை விரைவில் மணம்செய்து கொடுக்க வேண்டும் என்பது அன்னையாரின் கவலை. மகளின் நாட்டமோ கல்வியில் நிலைத்தது. ஆடவர் பயின்ற மன்னர் கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபொழுது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து இசைவளித்தார். பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார்.

மருத்துவராகிய சுந்தர ரெட்டி அவரை மணக்க விரும்பினார். அம்மையார் உடனே இசையவில்லை. மணம் தம் உரிமையைப் பறித்துவிடுமோ என அஞ்சினார். அவ்வச்சம் காரணமற்றதன்று. மனைவி இருக்கவே மற்றொருத்தியை மணக்க இந்து ஆடவனுக்கு அந்நாளில் தடையில்லை. மனைவிக்கோ மணவிலக்குப் பெற வழியில்லை. தம்மை என்றும் நிகராக மதிக்க வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்று அம்மையார் கேட்டார். சுந்தர ரெட்டியார் வாக்களித்தார். 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி மணம் நிகழ்ந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதை வற்புறுத்திய சட்டம் அது. அப்பொழுது அம்மையாருக்கு வயது 27. பத்து வயதிற்குள் பல பெண்கள் மணமாகிவந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

மணநாளில் வாக்களித்தல் எளிது. மக்களும் பொறுப்புகளும் பெருகிய பின்னர் அதனைக் காத்தல் அரிது. இரு மைந்தருக்குத் தாயான பின்னும் அம்மையார் மருத்துவத் தொழிலை விடவில்லை. 1925இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றபொழுது கணவரும் மக்களும் உடன் சென்றனர். மனைவியின் படிப்பிற்காகக் குடும்பம் கடல் கடப்பது அந்நாளில் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்? 1926இல் அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினராக நியமனம் பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நிபந்தனை விதிக்க வேண்டுமாயின், மறுக்கவும் இயலவேண்டும். அம்மையாருக்குக் கல்வி இருந்தது; தொழில் இருந்தது; ஆகவே மறுக்கும் ஆற்றலும் இருந்தது. தொட்டிலை விட்டிறங்கிய சில ஆண்டுகளிலேயே மணமாகும் சிறுமிக்கு அது ஏது? கோவிலிற் பொட்டுக் கட்டப்படும் குழந்தைக்கு ஏது? குழந்தை மணத்தைத் தடுக்கவும், பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கவும் அவர் சட்டமன்றத்தில் அயராது போராடினார். சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. பெண்ணின் மணவயது 14 என அது வரையறுத்தது. தேவதாசி முறையை அறவே நீக்கும் சட்டமோ 1947இல்தான் வந்தது. இதற்கிடையே, காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இல் அம்மையார் பதவியைத் துறந்தார்.

பொட்டுக் கட்டுதற்கு மறுத்து வெளியேறிய சிறுமியர் சிலர் அவ்வாண்டில் அவரை நாடி வந்தனர். அவர்களுக்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. அங்கே அவர்கள் முதலிற் பெற்றது கல்வி.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அப்பணியில் துணைநின்றார். 1964இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாம் கேட்டுப் பெற்ற வாக்குறுதியை அதில் மறவாமல் எழுதிவைத்தார். 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.